எழுபதை நாற்பதாக்கியது யார்?

நகரப் பேருந்து ஓட்டும் அந்தப் பெண்ணுக்கு டிப்போவில் பிரேக்கக்கா என்று பெயர். வண்டியை எடுக்கும் முன் மற்றவர்கள் பிரேக்கை ஒருமுறை மிதித்துப் பார்ப்பார்கள். அவள் மூன்று முறை மிதிப்பாள். "எல்லாம் சரியா இருக்குக்கா" என்று மெக்கானிக் வாய்விட்டுச் சொல்லிவிட்டால், இவன் ஏன் வலிய வந்து சொல்கிறான் என்று இன்னொரு முறையும் மிதிப்பாள். வீட்டிலும் அதே கதைதான். கணவர் பூட்டிய கதவைத் தானும் ஒருதரம் இழுத்துப் பார்க்காமல் படுக்கப் போகமாட்டாள்.

ஒரு மழைநாளில் டிப்போ படிக்கட்டில் வழுக்கி விழுந்ததில் வலது தோள் எலும்பு முறிந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்து, நீண்ட விடுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி பேருந்து ஓட்ட வேண்டுமானால் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வில் தேற வேண்டும். தவறினால் டிக்கெட் கவுண்டர்தான். அந்த நினைப்பே அவளுக்கு வேப்பங்காயாகக் கசந்தது.

அப்போதுதான் கொழுந்தன் தன் கார் பந்தய வீடியோ கேமைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேசையில் மாட்டுகிற ஸ்டீயரிங், காலுக்கு இரண்டு பெடல்.

"சும்மா கையைச் சுத்துங்கன்னா நீங்க சுத்த மாட்டீங்க அண்ணி. இதை ஓட்டுங்க, தோள் தானா பழகும்."

பந்தயத்தில் நம்மோடு போட்டியிடும் கார்களைக் கேமே ஓட்டும். அவை எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஓட வேண்டும் என்பதைப் பூஜ்யத்திலிருந்து நூறு வரை நாம் வைத்துக்கொள்ளலாம். பேருந்தையே ஆட்டிவைத்தவளுக்கு இதென்ன பெரிய காரியம்? எடுத்த எடுப்பில் தொண்ணூறு வைத்தாள். முதல் வளைவிலேயே மற்ற கார்கள் மாயமாகிவிட, அவள் மட்டும் புல்வெளியில் சுற்றிக்கொண்டிருந்தாள். தோற்ற ஆத்திரத்தில் முப்பதுக்கு இறக்கினாள். பின்னால் ஒரு ஈ காக்காய் இல்லை.

கொழுந்தன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னான். "ரொம்ப ஏத்தினா வெறுத்துப்போகும், ரொம்ப இறக்கினா தூக்கம் வரும். கொஞ்சம் முக்கினா பிடிச்சுடலாம்ங்கிற தூரத்துல எதிராளி ஓடணும். அதான் உங்களுக்குச் சரியான ஆளு."

ஏற்றி, இறக்கி, கடைசியில் எழுபதில் நின்றாள். கடைசிக்கு முந்தின இடம்தான் கிடைத்தது. ஆனால் முன்னால் போகிறவனின் பின்விளக்கு கண்ணை விட்டு மறையவில்லை. எழுபதில் அடுத்தடுத்து ஜெயித்தால் தோள் தேறிவிட்டது, தேர்வுக்கு எழுதிப் போடலாம் என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

வாரங்கள் போகப் போக இடம் முன்னேறியது. ஒரு நாள் முதலாவதாக வந்தாள். கணவர் கைதட்டினார். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் மனிதர். அவள் விழுந்த நாளிலிருந்து அளவுக்கு மீறி நல்லவராக இருந்தார். எது சொன்னாலும் சரி, எது செய்தாலும் பிரமாதம். அந்தக் கைதட்டலே அவளுக்கு உறுத்தியது. மறுவாரம் ஒரு பந்தயத்தில் எதிராளிகள் கல்யாண ஊர்வலம் போல நகர்ந்தார்கள். நிறுத்திவிட்டு எண்ணைப் பார்த்தாள்.

நாற்பது.

"நீங்கதானே குறைச்சு வெச்சீங்க?"

"நான் அதைத் தொடவே இல்லம்மா!"

"பின்னே? அதுவே இறங்கி வந்து உட்கார்ந்துக்கிச்சா? பாவம், ஜெயிச்சுட்டுப் போகட்டும்னு நினைச்சீங்க. பஸ் ஓட்டுறப்ப எதிர்ல வர்ற லாரியை யாருங்க குறைச்சு வைப்பாங்க?"

கூடத்தின் மூலையில் மாமனார் செய்தித்தாளுக்குள் தலையை இன்னும் ஆழமாகப் புதைத்துக்கொண்டார். தபால் பிரிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், வாழ்நாளில் ஒரு சைக்கிள்கூட ஓட்டாதவர். அவர் பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து கணவரோடு பேச்சுவார்த்தை இல்லை. கொழுந்தனைக் கூப்பிட்டு மிரட்டிப் பார்த்தாள். அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான். அடுத்த முறை பிசியோதெரபிக்குக் கிளம்பும்போது பெடல்களுக்குக் குறுக்கே ஒரு தையல் நூலைக் கட்டினாள். போன இடத்திலிருந்து கண்ணாடிக் கடைக்குப் போன் போட்டாள். கணவர் எடுத்து ஹலோ சொல்ல, பின்னால் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் இரைந்தது. ஆள் கடையில்தான் இருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் நூல் அறுந்து கிடந்தது.

அதற்கடுத்த முறை, கிளம்புவதுபோல் தெருமுனை வரை போய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பூனைபோல வந்தாள். உள்ளே இன்ஜின் உறுமியது. மாமனார் நுனி நாக்கைக் கடித்துக்கொண்டு, வளைவுக்கு ஏற்ப உடம்பையும் சாய்த்து, ஸ்டீயரிங்கை ஒடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா!"

கார் போய்ச் சுவரில் மோதியது.

"என்னம்மா... சீக்கிரம் வந்துட்டே?"

"நாற்பது உங்க வேலைதானா?"

"முதல்ல பத்துதான் வெச்சேன்." அவர் குரலில் மெல்லிய பெருமை எட்டிப் பார்த்தது. "இப்பதான் நாற்பது வரைக்கும் வந்திருக்கேன். முடிச்சதும் எழுபதுக்கு மாத்தி வெச்சுடுவேன். அன்னிக்கு மறந்துட்டேன்."

"நாங்க சண்டை போட்டப்பவாவது சொல்லியிருக்கலாமே?"

"இந்த வயசுல பொம்மைக் கார் கேக்குதான்னு நீ கேட்டுட்டா? அதான் வாயை மூடிக்கிட்டேன்."

"மறந்தது அந்த ஒரு நாள்தானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு நாள்தான்மா." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டு நாளோ?"

போச்சு. அப்படியானால் முன்னால் ஜெயித்ததில் எது நிஜம், எது பொய்? அங்கேயே உட்கார்ந்து, அவர் கண்முன்னே எழுபது வைத்தாள். முதல் பந்தயத்தில் மூன்றாவது, அடுத்ததில் இரண்டாவது. அதற்கடுத்த இரண்டிலும், வியர்த்து விறுவிறுத்து, முதலிடம்.

"இப்பவாவது நம்புறியா?" என்றார் மாமனார். அவள் எண்ணை மறுபடி சரிபார்த்தாள். எழுபதுதான்.

மாலையில் கணவர் வந்ததும் டீயை நீட்டி, "உங்க அப்பாதான்" என்றாள். அவளிடமிருந்து வரக்கூடிய மன்னிப்பு அவ்வளவுதான். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "ஒரு நாள் குறைக்கலாம்னு நானும் உட்கார்ந்தேன். எப்படின்னுதான் தெரியல."

"பார்த்தீங்களா!" என்றாள். சந்தேகம் முழுக்க வீண்போகவில்லை என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி.

தேர்வு நாளில் தேர்வாளர் அவளை மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றவைத்து, பின்னால் எடுக்கவைத்து, "தேறிட்டீங்க" என்று பேனாவைத் திறந்தார். அவள் இறங்கவில்லை.

"மேம்பாலத்துக்குக் கூட்டிட்டுப் போகலையே சார்?"

"அவசியமில்லம்மா."

"தோள் அடிபட்டவள்னு லேசா விட்டுட்டீங்களா?"

கஷ்டமாக இருக்கிறது என்று கெஞ்சியவர்களை அவர் பார்த்திருக்கிறார். சுலபமாக இருக்கிறது என்று புகார் சொன்னவளைப் பார்த்ததில்லை. பேனாவை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தார். அலுவலகம் விடும் நேர நெரிசலில் மேம்பால வளைவைப் பிடித்து ஏறினாள். தோள் நெருப்பாய் எரிந்தது. ஆனால் பேருந்து கோட்டை விட்டு விலகவில்லை. இறங்கியதும் அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் பழைய தடத்திலேயே வண்டி கொடுத்தார்கள். முதல் நடைக்குக் கூட்டம் பிதுங்கியது. கண்டக்டர் முன்னால் வந்து, "கை எப்படிக்கா இருக்கு?" என்றார்.

"வலிக்குதுதான்" என்றாள் அவள். "ஆனா திரும்புது. உள்ள போகச் சொல்லுங்க, கதவை மூடணும்."