வறுத்த மணல்

சென்ற ஆண்டு ஆயுத பூஜையன்று காலை, திருப்போரூரைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் நடந்தது இது.

எங்கள் வீடு ஊரப்பாக்கத்தில். நான் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஒரே மகள். வேதியியல் படித்துவிட்டு, ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தாள். ஹைட்ரஜனைச் சிலிண்டரில் திணிக்காமல் ஒரு தூளுக்குள் தங்க வைப்பதுதான் அங்கே வேலை. சோடியம், அலுமினியம், ஹைட்ரஜன் மூன்றும் கலந்த சாம்பல் நிறக் கூட்டுப்பொருள். "சூடு காட்டினா வாயுவை விட்டுடும்ப்பா. அழுத்தம் குடுத்தா திரும்ப வாங்கிக்கும்" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு விளக்குவாள். என் காதில் விழுந்தது ஹைட்ரஜன் என்ற ஒரு சொல் மட்டும்தான். அது வெடிக்கும் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வேலையை விடச் சொல்லிவிடுவது என்ற முடிவோடு, வங்கித் தேர்வுப் புத்தகம் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டுதான் அன்று பூஜைக்கே கிளம்பினேன்.

அவர்கள் வேலை செய்யும் கொட்டகை வாசலில் ஒரு பெண்மணி பெரிய இரும்புச் சட்டியில் மணலை வறுத்துக்கொண்டிருந்தார். செய்யூர்ப் பக்கத்துக்காரர், முன்பு கடலை வறுத்து விற்றவர், இப்போது அங்கே துப்புரவு வேலை பார்ப்பவர்.

"இன்னாக்கா, மணலு கீது, கடலைய காணோம்?" என்றார் ஒரு வெல்டர்.

"உன் மண்டைய போட்டு வறுக்கலாம்னு கீறேன். கிட்ட வா."

என்னைப் பார்த்ததும், "ஈரம் போவணும் சார். வாரத்துக்கு ஒரு தபா வறுத்து வாளில மூடி வைக்கணும்னு உங்க பொண்ணு ஆர்டரு" என்றார். படித்த பிள்ளைகள் செய்கிற வேலையைப் பார் என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மாலை கட்டும் வேலையை நானே கேட்டு வாங்கினேன். கடைசியில் என் மகளின் அறைக் கதவு. அதில் ஒரு மஞ்சள் பலகை மாட்டியிருந்தது. அதை மாட்டிய ஆணி வசதியாக இருக்கவே, சாமந்தி மாலையைப் பலகை மேலேயே தொங்கவிட்டேன். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை.

கூட்டத்தில் வயதில் மூத்தவன் நான். பூஜை முடிந்ததும் மஞ்சள் தண்ணீர்ச் சொம்பையும் மாவிலையையும் என் கையில் கொடுத்தார்கள். கம்ப்ரஸர், லேத், டிரில்லிங் மெஷின் என்று ஒவ்வொன்றாகத் தெளித்துக்கொண்டு வந்தேன். கம்ப்யூட்டரை நெருங்கியதும் வெல்டர், "அண்ணாத்த, அத வுட்ருங்க. அதுக்கு ஜலதோஷம் புடிச்சிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தபடி பொரியும் சுண்டலும் எடுக்கப் போய்விட்டார்கள்.

என் மகளின் அறை மட்டும் மிச்சம். எல்லார் கருவிக்கும் தெளித்துவிட்டு அவளுடையதை விட்டுவிட்டால் அவளுக்கே ஏதாவது வந்துவிடுமோ என்று மனசு அடித்துக்கொண்டது. சத்தமில்லாமல் உள்ளே போனேன். மேசை மேல் ஒரு ஸ்டீல் தட்டில், கண்ணாடி மூடிக்குக் கீழே கொஞ்சம் தூள் இருந்தது. மூடியைத் தூக்கி, மாவிலையை நன்றாக நனைத்து, ஒரு உதறு உதறினேன்.

சர்ரென்று ஒரு சீறல். அடுத்த நொடி மஞ்சள் நெருப்பு முழங்கை உயரத்துக்கு எழுந்தது.

தீ என்றால் தண்ணீர். ஐம்பத்திரண்டு வயதுவரை எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். சொம்போடு கவிழ்க்கக் கையை ஓங்கினேன். பின்னாலிருந்து யாரோ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

"யோவ், இன்னா பண்ற? தண்ணிய வெளிய கொண்டு போய்யா."

மணல் வறுத்த அம்மாதான். சொம்பைப் பிடுங்கி வாசலுக்கு வெளியே விட்டெறிந்தார். மூலையிலிருந்த வாளியைத் திறந்து, காலையில் வறுத்த மணலை அள்ளி அள்ளி, தூள் சிதறாதபடி ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்தார். தீ அடங்கி ஒடுங்கியது. அப்போதுதான் பார்த்தேன். மேசையிலிருந்து ஒரு கை தூரத்தில் அதே தூள் டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தது. நான் சொம்பைக் கவிழ்த்திருந்தால், எரியும் தூள் அதன்மேல்தான் தெறித்திருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள் சுண்டல் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

ஓடி வந்தவள் முதலில் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். புருவம் கருகிய வாடை எனக்கே அடித்தது. பிறகு கதவிலிருந்த மாலையை விலக்கினாள். இருவரும் படித்தோம். 'இந்த அறைக்குள் தண்ணீர் கொண்டு வரக் கூடாது.' தமிழிலேயே எழுதியிருந்தது.

"மாலை நான்தாம்மா போட்டேன்" என்றேன்.

"ரூமைப் பூட்டாதது என் தப்புப்பா. தட்டுல இருந்த வேஸ்ட் தூளை நேத்தே எடுத்திருக்கணும்."

"தப்ப அப்பாலிக்கா பங்கு போட்டுக்கோங்க. இப்ப ரெண்டு பேரும் வெளிய நடங்க" என்று அந்த அம்மா எங்களைத் துரத்தினார். வெளியே வந்து அவரைக் கும்பிட்டேன். "இன்னா சார் நீங்க, கடலை வறுக்குறவளுக்கு மணலா பெருசு" என்று கையைத் தட்டிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, ஹைட்ரஜனில் ஓடும்படி அவர்கள் செய்திருந்த ஸ்கூட்டருக்குச் சோதனை ஓட்டம். அந்தத் தூள் அடைத்த கலன் சீட்டுக்கு அடியில். மகள் ஓட்ட, பின்னால் நான் உட்கார்ந்தேன். மாமல்லபுரம் போகும் சாலையில் சவுக்குத் தோப்புகள் விறுவிறுவென்று பின்னால் போயின. கடல் காற்று முகத்தில் அறைந்தது. நான் அவள் தோளை இறுக்கிப் பிடித்திருந்தேன். பயமா, சந்தோஷமா என்று பிரிக்கத் தெரியவில்லை. என்னை அறியாமல் "இன்னும் கொஞ்சம் வேகமா போம்மா" என்று சொல்லியிருக்கிறேன். அதை இன்றுவரை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள்.

நிறுத்திய இடத்தில் வண்டிக்குக் கீழே ஒரு குழாயிலிருந்து துளித்துளியாக ஏதோ சொட்டியது. பதறிப்போய்க் குனிந்தேன். "தண்ணிதான்ப்பா. ஹைட்ரஜன் வேலையை முடிச்சா தண்ணியாதான் வெளிய வரும்" என்றாள். விரலால் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

வங்கித் தேர்வுப் புத்தகம் பையை விட்டு வெளியே வரவே இல்லை. அவள் வேலைக்குக் கிளம்பும்போது இப்போதும் வாசல்வரை பின்னாலேயே போகிறேன். ஆனால் "பத்திரமா இரும்மா" என்று வாயெடுக்கும் முன்பே, படிக்காத பலகையும் நான் ஓங்கிய சொம்பும் கண்முன் வந்துவிடுகின்றன. அதனால் அதைச் சொல்லாமல், "இன்னைக்கு நான் தெரிஞ்சுக்க வேண்டியது ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.