சொல்லக் கூடாத காரணம்

நரம்பியல் மருத்துவராகவும் ஆராய்ச்சியாளராகவும் ஒருசேர ஆக வேண்டும் என்று மலேசியாவில் ரெங்கம் என்ற சிற்றூரில் பிறந்த ஒரு பெண் நினைத்தால், அவளுக்கு மூளையைவிடப் பொறுமைதான் அதிகம் வேண்டும். லோஷினிக்கு இரண்டும் இருந்தன. பேசத்தான் ஆள் இல்லை.

ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்க மருத்துவமனையில் வேலை. உடன் பயிற்சி முடித்தவர்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் கல்யாணம், சொந்த கிளினிக் என்று கரையேறிவிட்டார்கள். இவள் மட்டும் பொது மருத்துவத் தேர்வுகளை முடித்துவிட்டு, அடுத்து ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டம், அதன்பின் நரம்பியல் பயிற்சி, கடைசியில் காலையில் நோயாளிகள், மாலையில் ஆராய்ச்சி என்று நீளமாகத் திட்டம் போட்டிருந்தாள். எல்லாம் முடிய நாற்பது வயதாகிவிடும். பெண் பார்க்க வந்தவர்கள் "படிப்பு எப்ப முடியும்?" என்று கேட்பார்கள், பதில் வந்ததும் கேசரியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிடுவார்கள். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை என்றால் அது பொய். வாடகை அறையில் ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போதெல்லாம் வருத்தம் வரும்.

இத்தனை பிடிவாதத்துக்கும் காரணம் அவள் அம்மா புஷ்பவள்ளி. அம்மாவுக்கு வலிப்பு உண்டு, மாமாவுக்கும் உண்டு. சிறு வயதில் ஒருநாள் அம்மா சமையலறைத் தரையில் கைகால் வெட்டி இழுக்க விழுந்து கிடந்தபோது, அப்பா காளிதாஸ் முதலில் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். அப்புறம்தான் இரும்புச் சாவியை எடுத்து அம்மாவின் கையில் திணித்தார். சாவியால் வலிப்பு நிற்காது என்பதை லோஷினி மருத்துவம் படித்துத் தெரிந்துகொண்டாள். ஆனால் அந்த ஜன்னலை என்ன செய்வதென்று எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரவில்லை. குடும்பத்துக்குள் இறங்கும் இந்த வலிப்பின் மூலத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

அதற்குக் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. இருந்தது ஒரே ஓர் இடம். கிளம்பும் முன் அம்மா அவள் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"என்னைப் பத்தி அங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. வலிப்புக்காரி மகள்னு தெரிஞ்சா உன்னை யாரு கட்டுவாங்க? சத்தியம் பண்ணு பாப்பா."

தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை எந்தப் படிப்பாலும் அழிக்க முடியாது.

நேர்காணலில் ஆய்வைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் லோஷினி மளமளவென்று பதில் சொன்னாள். கடைசியில் ஒரு மூத்த பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இவ்வளவு நீண்ட பாதையில் பலர் நடுவிலேயே விட்டுப் போகிறார்கள், உன்னைப் போகவிடாமல் பிடித்து வைப்பது எது என்று கேட்டார். நல்ல மனிதர், பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். அம்மா என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது.

"ஆர்வம்," என்றாள் லோஷினி.

இன்னும் ஏதாவது உண்டா என்றார். இல்லை என்றாள். பேராசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

சில வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. ஆய்வுத் திட்டம் சிறப்பு, ஆனால் இத்தனை வருடம் தாக்குப் பிடிப்பதற்கான உந்துதல் தெரியவில்லை, ஆகவே இடம் இல்லை என்று எழுதியிருந்தார்கள். லோஷினி அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வேறு யாரையும் கூப்பிடத் தோன்றாமல் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"போனா போவுது லா. அடுத்த வருஷம் பார்க்கலாம். அதுக்குள்ள உனக்கொரு கல்யாணம் ஆயிட்டா, அப்புறம் என்னைப் பத்தி யார்கிட்ட வேணும்னாலும் சொல்லிக்க."

கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான். லோஷினிக்குச் சிரிப்பு வரவில்லை.

"அம்மா, உங்களைப் பத்திச் சொல்லியிருந்தா எனக்குக் கிடைச்சிருக்கும்."



"தெரியும் பாப்பா," என்றாள் புஷ்பவள்ளி. "நீ சொல்லிடுவியோன்னு எனக்குப் பயம். அன்னிக்கு முழுக்கக் கோயில்ல உட்கார்ந்து, உனக்கு இடம் கிடைக்கணும்னு நான் வேண்டிக்கல. நீ வாயைத் திறந்துடக் கூடாதுன்னுதான் வேண்டிக்கிட்டேன்."

லோஷினி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாத்திரை போட்டீங்களாம்மா?" என்று கேட்டாள்.