கடைசிப் பாட்டின் வேகம்

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. நயினாதீவுத் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவரிடம் சித்தப்பா ஒரு பெட்டி கொடுத்துவிட்டார். அப்பா இளவயதிலிருந்து உயிராக நேசிக்கும் ஓர் ஆங்கில றொக் அல்பத்தின் சிறப்பு மறுபதிப்பு அது.
2. அப்பா சவரம் செய்து, தோய்த்த சாரம் உடுத்து, முதலாவது சீடியை இடையில் எழும்பாமல் கேட்டார்.
3. கடைசிப் பாட்டு தொடங்கி அரை நிமிடத்தில், "இது அது இல்லை" என்றார்.
4. அதையே அந்த அல்பத்தின் இரசிகர்கள் கூடும் இணையக் குழு ஒன்றில் எழுதினார்.
5. பல நாடுகளிலிருந்து சிரித்தார்கள்.
6. ஒன்பது வருடமாகப் பேச்சில்லாமல் இருந்த சிநேகிதனிடம் அந்தச் சீடியைக் கொண்டுபோய்க் கொடுக்கும்படி அப்பா என்னிடம் கேட்டார்.

எங்கள் வீட்டில் ஆறாவதுதான் பெரிய செய்தி.

அந்தச் சிநேகிதனை நான் மாமா என்று கூப்பிடுவேன். அப்பாவும் அவரும் எங்கள் தீவிலுள்ள கரம்பொனில் ஒன்றாகப் படித்தவர்கள். தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணப் பக்கம் ஒரே வளவில் இருந்தவர்கள். பிறகு கொழும்பில் அப்பா ஒரு கந்தோரிலும் மாமா தபால் கந்தோரிலும் வேலை பார்த்தபோது ஒரே அறையில் இருந்தவர்கள். அந்த அறையில் ஒரு ரேப் ரெக்கோடரும் ஒரு கசெற்றும் இருந்தன. கசெற்றில் இருந்தது இந்த அல்பம்.

இருவரும் கலியாணம் செய்து வேறு வேறு வீடுகளுக்குப் போன பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா அந்தக் கசெற்றோடு எங்கள் வீட்டுக்கு வருவார். அப்போது எனக்கு ஐந்து ஆறு வயது. இருவரும் சுவரில் சாய்ந்து நிலத்தில் இருப்பார்கள், நடுவில் ஒரு பேப்பரில் கச்சான் கடலை. முதலாவது பக்கம் முழுக்கக் கதைத்துக்கொண்டு கேட்பார்கள். இரண்டாம் பக்கம் தொடங்கினால் கதை குறையும். கடைசிப் பாட்டு வரும்போது இருவரின் கால்களும் நிலத்தில் தாளம் போடும். பாட்டு ஓட ஓட அவர்களும் ஓடுவது போல இருக்கும். நான் அப்பாவின் மடியில் படுத்திருப்பேன். அவருடைய தொடை துள்ளுவதால் நித்திரை வராது.

நாங்கள் கொழும்பிலிருந்து தீவுக்கு, வேலணைக்குத் திரும்பி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. மாமா அதற்கு முன்னரே கரம்பொனுக்கு வந்துவிட்டார், கசெற்றும் அவரோடு வந்துவிட்டது. எங்களிடம் மிஞ்சியது அப்பாவின் வாய் மட்டும். பள்ளிக்கூடத்துக்கு என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மண்டைதீவுத் தாம்போதியால் யாழ்ப்பாணம் போகும்போது, இரண்டு பக்கமும் கடல் வந்ததும் அப்பா கடைசிப் பாட்டைத் தொடங்குவார். சொற்கள் பாதி அவருக்குத் தெரியாது, வேகம் மட்டும் தெரியும். பாட்டு ஏற ஏற அக்சிலேற்றரும் ஏறும். நான் புத்தகப் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன்.

சண்டை நடந்தது ஒரு கலியாண வீட்டில். பழுதாகும் முன் கசெற்றிலிருந்து ஒரு பிரதி எடுக்க வேண்டும், ஒரு கிழமைக்குத் தா என்று அப்பா கேட்டார். தரமாட்டேன் என்றார் மாமா.

"அது நான் வாங்கின கசெற்," என்றார் அப்பா.

"பதிஞ்சது ஆர்? மிதிச்சது ஆர்?" என்றார் மாமா. "வெறும் கசெற்றை வைச்சு நாக்கையே வழிச்சிருப்பாய்?"

பந்தியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதுதான் பிழையாகப் போனது. அப்பா இலையை மூடிவிட்டு எழும்பினார். அதன்பிறகு ஒரே றோட்டில் எதிரெதிரே வந்தாலும் ஒருவர் கடலைப் பார்ப்பார், மற்றவர் பனைகளைப் பார்ப்பார்.

அல்பம் இணையத்தில் இல்லாமல் இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதல் நல்ல தொலைபேசியில் அப்பாவுக்கு அதைப் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, "உது ஆரோ மந்தமாப் பாடின கொப்பி," என்றார். வேறு இரண்டு இடங்களில் தேடிக் கொடுத்தேன். அவையும் கொப்பிதான். அதனால், மூலப் பதிவு நாடாவிலிருந்து நேராக எடுத்த மறுபதிப்பு வருகிறது என்ற செய்தியைப் பார்த்ததும், "இப்பதான் உண்மையானது வரப்போகுது" என்று நாட்காட்டியில் கோடு போட்டார். சித்தப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை நினைவூட்டினார்.

வந்தது. அதிலும் கடைசிப் பாட்டு மந்தமாகத்தான் இருந்தது.

குழுவில் அன்றைக்குக் கொண்டாட்டம். மேளச் சத்தம் முதல் தடவையாகத் தெளிவாகக் கேட்கிறது என்றார் ஒருவர். சத்தத்தைக் கூட்டிக் கெடுத்துவிட்டார்கள் என்றார் இன்னொருவர். அட்டைப் படத்தின் நீலம் பழைய நீலம் இல்லை என்று மட்டும் ஐம்பது பேராவது எழுதியிருப்பார்கள். பாட்டு முடிந்த பிறகு ஸ்ரூடியோவில் யாரோ இருமுவது கேட்கிறது, அந்த இருமலுக்காகவே வாங்கலாம் என்று எழுதியவரும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் நடுவில் அப்பா எழுதினார்: "கடைசிப் பாட்டின் வேகம் பிழை. கொம்பனி கவனிக்க வேண்டும்."

சிரிக்கும் முகங்கள் வரிசையாக வந்தன. "தாத்தா, உங்கள் பற்றரியைப் பாருங்கள்," என்று ஒரு பெடியன். ஒரு பெண் மட்டும் அன்பாக, பாட்டு எப்போதும் இந்த வேகத்தில்தான் இருந்தது ஐயா, என்று எழுதினாள். அந்த அன்புதான் அப்பாவை வருத்தியது என்று நினைக்கிறேன். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போனார்.

"ஒரு பாட்டுக்கு உந்தப் பாடே?" என்றார் அம்மா குசினிக்குள் இருந்து.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா என்னிடம் வந்தார். "பிள்ளை, இது விளங்கக்கூடியவன் ஒருத்தன்தான் இருக்கிறான்."

"நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோவன்."

"எனக்கு ஏலாது. நீ வேலைக்குப் போற வழிதானே."

அது என் வழி இல்லை. நான் மின்னியல் படித்தவள். தீவுகளில் பொருத்தியிருக்கும் சூரிய மின்தொகுதிகளையும் அவற்றின் பற்றரிகளையும் பராமரிப்பது என் வேலை. அந்தக் கிழமை நெடுந்தீவுக்குப் படகெடுக்கக் குறிகாட்டுவானுக்குப் போக இருந்தேன். கரம்பொன் அதற்கு எதிர்ப்பக்கம். ஆனாலும் போனேன்.

மாமா மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டார், ஏன் வந்தேன் என்று கேட்கவில்லை. சீடியை வாங்கிப் பின்பக்கத்தை வாசித்தார். பிளேயரில் போட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். கடைசிப் பாட்டில் கண் திறந்தது.

"இதென்ன, செத்த வீட்டுக்கே பாடுறாங்கள்?"

சீடியை நிற்பாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கொப்பர் என்ன சொன்னவர்?"

"இது அது இல்லையாம்."

மாமா சிரித்தார். "அவருக்கு அதெண்டாலும் விளங்கியிருக்கு." எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த கசெற்றை எடுத்து வந்தார். "இப்ப இதைக் கேளும்."

பாட்டு வந்தது. என் கால் தன்பாட்டில் நிலத்தில் தட்டியது. இருபது வருடத்துக்கு முந்திய கச்சான் வாசம்கூட மூக்கில் அடித்தது. எனக்கும் இதுதான் பாட்டு. பெட்டியில் வந்தது வேறு யாருடையதோ.

ஆனால் என் மூளை தன் வேலையைச் செய்தது. பாடகனின் குரல் மெலிந்து உயர்ந்திருந்தது. தொலைபேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்தேன். முதலாவது பாட்டு மறுபதிப்போடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. பாட்டுக்குப் பாட்டு வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. கடைசிப் பாட்டு ஏறக்குறைய ஒரு முழுச்சுரம் மேலே நின்றது.

"மாமா, இது எப்பிடிப் பதிஞ்சனீங்கள்?"

அவருக்கு இந்தக் கேள்வி பிடித்திருந்தது. "யாழ்ப்பாணத்து வளவிலை இருக்கேக்கை, எங்கட ஊர்ப் பெடியன் ஒருத்தன், கப்பலுக்குப் போனவன், ரெண்டு நாள் வந்து நிண்டவன். இடுப்பிலை கொழுவிற சின்ன பிளேயர் வைச்சிருந்தான், பற்றரியோடை. இந்தப் பாட்டுகள் அதிலைதான் இருந்தது. எங்களிட்டைக் கறண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. கொப்பர் எங்கையோ தேடி வெறும் கசெற் ஒண்டு கொண்டு வந்தார். நான் சைக்கிளை ஸ்ராண்டிலை விட்டு, டைனமோவிலை இருந்து ரெக்கோடருக்கு வயர் குடுத்து மிதிச்சனான். ரெண்டு பக்கமும். ஒரு தரம்கூட நிப்பாட்டேல்லை. கொப்பர் வயரைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர், அவ்வளவுதான்."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாட்டு வந்த பிளேயர் பற்றரியில் சரியான வேகத்தில் ஓடியிருக்கிறது. பதிந்த ரெக்கோடர் மாமாவின் காலில் ஓடியிருக்கிறது. கால் களைக்கக் களைக்க ரெக்கோடர் மெதுவாகியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைப் பிறகு கொழும்பில் ஒழுங்கான கறண்டில் போட்டால், பாட்டு வேகமாகத்தான் வரும். எவ்வளவு களைத்தாரோ அவ்வளவு வேகம்.

நான் அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. ஒன்பது வருடமாக மாமா பிடித்துக்கொண்டிருந்த ஒரே நியாயம் அந்த மிதிப்பு. அதுதான் பாட்டைப் பழுதாக்கியது என்று சொல்லிவிட்டு எப்படி அந்த வீட்டை விட்டு வெளியே வருவது? போகும்போது மாமா, "ஞாயிற்றுக்கிழமை கொப்பரை வரச்சொல்லும். கேக்க வேணுமெண்டா இஞ்ச வந்து கேக்கட்டும்," என்றார்.

அப்பா வந்தார். மோட்டார் சைக்கிளை நிற்பாட்டிவிட்டுக் கேற்றடியிலேயே நின்றார். நான் பின்னால் நின்றேன்.

"கேற்றிலை நிண்டு என்னத்தைப் பாக்கிறாய்?" உள்ளே இருந்து மாமாவின் குரல். "மாடு பிடிக்க வந்தவன் எண்டு நாய் குலைக்கப் போகுது."

"உன்ர நாய்க்கும் உன்ர குணம்தானே."

உள்ளே போய் எதிரெதிராக இருந்தார்கள். சுகம் விசாரிக்கவில்லை. நேரே கொம்பனிக்காரனில் பிடித்தார்கள்.

"கடைசிப் பாட்டுக்கு என்ன செய்து வைச்சிருக்கிறாங்கள் பாத்தியே?"

"பாத்தன். அதைத்தான் எழுதினனான். தாத்தாவாம் நான்."

"ஆர், நீயே?"

"ஓம்."

"அதிலை என்ன பிழை? கண்ணாடியிலை உன்ர தலையைப் பார்."

கசெற்றைப் போட்டார்கள். இரண்டாம் பக்கம் தொடங்கியதும் கதை குறைந்தது. பாட்டு முடிந்ததும் அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சனி. சொல்லு பாப்பம், எது சரி?"

மழுப்பியிருக்கலாம். ஆனால் பொய்யான அளவு சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பற்றரி, டைனமோ, கால் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல மாமா தன் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான்தான் பழுதாக்கினனான் எண்டு சொல்லுறீர்."

அப்பா எழும்பிப் போய்விடுவார், அல்லது வெற்றியோடு ஒரு சொல் சொல்லிவிடுவார் என்று பயந்தேன். இரண்டில் எது நடந்தாலும் ஒன்பது வருடம் தொண்ணூறு ஆகிவிடும்.

"டேய்," என்றார் அப்பா. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எனக்கு அந்தப் பாட்டிலை பிடிச்சதே அந்த ஓட்டம்தான்ரா. அது உன்ர கால்தானாம். அவங்கள் போட்டதிலை அது இல்லை. நான் மிதிச்சிருந்தா உந்தக் கொம்பனிக்காரன் மாதிரித்தான் வந்திருக்கும்."

"நீ மிதிச்சிருந்தா ரெண்டாம் பாட்டோடை முடிஞ்சிருக்கும்," என்றார் மாமா. "கேற்றிலை இருந்து இஞ்ச வரவே மூச்சு வாங்குது."

"கசெற் உன்ரதான்."

"அது எனக்குத் தெரியும்."

மாமா கசெற்றை வெளியே எடுத்தார். உறைக்குள் போட்டார். பிறகு அதை அப்பாவிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினார். "பிள்ளை, கொப்பருக்கு ஒரு கொப்பி எடுத்துக் குடும். வேகத்தைத் திருத்திப் போடாதையும்."

திருத்தவில்லை. பிரதி எடுத்து அடுத்த கிழமை கசெற்றைத் திருப்பிக் கொடுத்தேன். அப்பா குழுவில் மறுபடி ஒன்றும் எழுதவில்லை. விளங்கப்படுத்த வேண்டிய தேவை அவருக்கு இல்லாமல் போய்விட்டது. பெட்டியில் இரண்டாவது சீடி இன்னும் உறை உடைக்காமல் இருக்கிறது. கசெற் கரம்பொனில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் அப்பாவும் அங்கேதான்.