தாத்தாவின் பசியும் யுகேந்திரனின் வயிறும்

ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கும் யுகேந்திரன் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுநர். வயது நாற்பதுக்குப் பக்கம். எடை நூறுக்கு அந்தப் பக்கம். இருக்கைக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவே அவருடைய வயிறு தனக்கென ஓர் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும். அதனால் யாருக்கும் தொந்தரவில்லை. டாக்டர்தான் கெடுத்தார். பங்குனிக்குள் இனிப்பு நீர் நோயின் சீனி அளவும் எடையும் இறங்காவிட்டால், உரிமத்துக்கான மருத்துவச் சான்றில் கையெழுத்துப் போடமாட்டாராம்.

பஸ் இல்லாத யுகேந்திரனை யுகேந்திரனாலேயே நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் மனிதர் கலங்கவில்லை. கைப்பேசியில் ஒரு காணொளி பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நான் என்னா செய்வேன் மேடம்?" என்றார், கிளினிக்கின் உணவு ஆலோசகர் அதிராவிடம். "சண்டையில ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல எங்க தாத்தா வெறும் மரவள்ளிக்கெழங்குதான் சாப்பிட்டாரு. அந்தப் பசி ஜீன்ல ஏறிடுச்சி. கெடைக்கிறத எல்லாம் என் ஒடம்பு சேத்து வைக்குது. எப்பிஜெனெட்டிக்ஸ்லா!"

அதிரா சிரிப்பை அடக்கிக்கொண்டார். "தாத்தா பசி ஒங்க வரைக்கும் வந்துச்சான்னு யாராலயும் அடிச்சிச் சொல்ல முடியாதுண்ணே. ஆனா ஜீன் மேல சின்னச் சின்ன அடையாளம் ஒட்டியிருக்கும். எந்த ஜீன் வேல செய்யணும், எது சும்மா கெடக்கணும்னு சொல்றதுல அதுக்கும் பங்கு உண்டு. ஒடம்பு பெருத்தவங்களுக்கு அதுல சிலது மாறியிருக்கு. சாப்பாட்ட மாத்தி எடையக் கொறச்சா, கொஞ்சம் திரும்பவும் மாறலாம்."

"அப்ப தாத்தா மேல தப்பில்லயா?"

"தாத்தாவா தெனமும் கறிக்கொழம்பு வழிய நாசி கண்டார் சோறு சாப்பிட்டாரு?"

யுகேந்திரனுக்கு உறைத்தது. உறைத்தவுடன் மருந்தையும் அவரே எழுதிக்கொண்டார்: தைப்பூச விரதம். மச்ச மாமிசம் கிடையாது, முட்டை கிடையாது. பஜ்ஜி சைவம், உருளைக்கிழங்கு சைவம், கெட்டிப்பால் ஊற்றிய தேநீரும் சைவம். பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலை நெடுகத் தண்ணீர்ப் பந்தல். புளிச்சோறு, வடை, கேசரி, சிவப்புச் சர்பத். அன்னதானத்தை மறுப்பது பாவம். ஒரு பந்தலில் வாங்கி அடுத்த பந்தலில் மறுப்பது பட்சபாதம். யுகேந்திரன் இரண்டுக்கும் பயந்தவர்.

மறுவாரம் அதிராவின் தராசு ஏறியிருந்தது.

"என்னாண்ணே சாப்பிட்டீங்க?"

"விரதம் மேடம். மீன் வாசம்கூட மோந்து பாக்கல."

"பந்தல்ல?"

"அது பிரசாதம்லா! சாமி சாப்பாடு எப்படி ஒடம்புல ஏறும்?"

"பிரசாதம்னு ஒங்களுக்குத் தெரியும். ஒங்க கல்லீரலுக்கு யாரு சொன்னது?"

வீட்டில் மனைவி சுபாஷினி அதைவிடச் சுருக்கமாக முடித்தாள். "பஸ் போனா பகல் பூரா நீங்க என்கூடத்தான் இருக்கணும். யோசிச்சுக்குங்க."

யோசித்தார். ஜெலுத்தோங் பசாரில் கீரையும் மீனும் வாங்கினார். தட்டில் பாதி காய்கறி, கால்வாசி சோறு. தேநீரில் சீனி நின்றது. பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர் நடந்தார். நாசி கண்டார் கடை ஹைருல், "அண்ணே, பஞ்சிர்?" என்று வெள்ளமாய்க் குழம்பு ஊற்றக் கரண்டியைத் தூக்கியபோது, தட்டைக் கையால் மூடினார். சூடான குழம்பில் இரண்டு சொட்டு விரலில் விழுந்தது. அதை நக்காமல் துடைத்தார் என்பது அவர் வாக்குமூலம், சாட்சி கிடையாது.

பங்குனியில் டாக்டர் கையெழுத்துப் போட்டார். செய்தி சொல்ல அதிராவிடம் ஓடினார்.

"அந்த அடையாளம் மாறிடுச்சா மேடம்?"

"அதப் பாக்குற டெஸ்ட் இங்க இல்லண்ணே. சீனி எறங்கிருக்கு, எடை எறங்கிருக்கு. அது போதும்."

"மாறியிருக்கும். எனக்குத் தெரியும்." விஞ்ஞானம் பிறகு வந்து ஒப்புக்கொள்ளட்டும் என்கிற தோரணை.

மறுநாள் காலை பஸ்ஸில் வகுப்பு நடந்தது. எந்த ஜீன் விழிக்கும், எது தூங்கும் என்று பின்னால் திரும்பித் திரும்பி விளக்கினார். முன் இருக்கையில் இருந்த தொழிற்சாலை ஆபரேட்டர் நூர்ஜான் பொறுத்துப் பார்த்தாள்.

"அண்ணே, சிக்னல் பச்சயாயி எவ்ளோ நேரமாச்சி! இவ்ளோ பாடுபட்டு லைசென்ஸ் வச்சிருக்கீங்க, பஸ்ஸ எடுங்கலா!"