பச்சை முகத்து மாப்பிள்ளை

நேற்று ஐந்தருவியில் ரம்புட்டான் குவியல் முன்னால் நின்றபோதுதான் அது தோன்றியது. பழம் எது, காய் எது என்று எனக்குத் தெரியாது. சிவப்பும் பச்சையும் என் கண்ணுக்கு ஒரே மண் நிறம். பொறுக்கியதெல்லாம் காய். கடைக்கார ஆச்சி, "ஏய்யா, கண்ணத் தொறந்துக்கிட்டுதான் பொறுக்குதியா?" என்றாள். திறந்துதான் இருந்தது. குவியலும் அழகாகத்தான் இருந்தது. இதை இப்படியே வரைந்தால் என்ன?

ஆமாம், நான் ஓவியன். சிரிக்காதீர்கள், தென்காசி முழுக்க ஏற்கெனவே சிரித்தாயிற்று. "இது என்ன கலரு, சொல்லு பாப்போம்" என்று சட்டையை இழுத்துக் காட்டாத சொந்தக்காரர் கிடையாது. போலீஸ் தேர்வில் புள்ளிப் படத்துக்குள் இருந்த எண் தெரியாமல் திரும்பி வந்தேன். ஏட்டாக இருக்கும் அப்பா, "உத்துப் பாக்க வேண்டியதுதானலே!" என்றார். உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று இன்றைக்கும் நம்புகிறார்.

அப்போதெல்லாம் அக்கா கூட இருந்தாள். சீசனுக்குக் குளிக்க வருகிறவர்களை உட்காரவைத்து நான் வரைவேன். அவள் பெயிண்டைச் சின்னக் குப்பிகளில் ஊற்றி, நிறத்தின் பெயரை எழுதி ஒட்டித் தருவாள். சாரலில் சீட்டு உரிந்துபோனால், "அது பச்சைலே மூதி, இங்கன பாரு" என்று என் கையைத் தட்டிவிடுவாள். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று தனியாகப் போனேன். சாரல் ஒரு சீட்டையும் விட்டுவைக்கவில்லை. அருவிக்குக் குளிக்க வந்த புதுமாப்பிள்ளை ஒருவர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏலே, நான் என்ன பச்சோந்தியா?" என்று குதித்தார். புதுப்பெண்தான், "விடுங்க, சாடை அப்படியே இருக்கு" என்று சிரித்தாள்.

அக்கா இப்போது சிவகிரியில். வீடியோ காலில் குப்பியைக் காட்டினால், "அடுப்புல பால் கெடக்கு, நீ வேற" என்று வைத்துவிடுகிறாள். அவள் என் கையைத் தட்டிவிடுவது நின்றதோடு என் பச்சையும் போயிற்று.

குற்றாலத்து லாட்ஜ் அண்ணாச்சி ஒருவர் வரவேற்பறைக்குப் படம் கேட்டிருக்கிறார். "சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்திய போட்டுரு தம்பி. மஞ்சதான, தப்பாது." மஞ்சள் எனக்கும் மஞ்சள்தான். அதுதான் எரிச்சல்! ஊரே பார்ப்பதை நான் எதற்கு வரைய வேண்டும்? இந்தப் படமும் விலை போகாவிட்டால் சென்னையில் சித்தப்பாவோடு செக்யூரிட்டி வேலை என்று அப்பா முடிவு கட்டிவிட்டார்.

நாளைக் காலையில் ஐந்தருவிக்கு மேலே நிற்கிற மலையை வரையப் போகிறேன், யாரையும் கேட்காமல், எனக்குத் தெரிகிறபடியே. காய்ந்ததும் அண்ணாச்சி மேசையில் கொண்டுபோய் வைப்பேன். அவர் முகம் சிவந்தால்கூட எனக்குத் தெரியப்போவதில்லை.