வகை சொல்லாத பெட்டி

சி++ கணினி மொழி சொல்லிக்கொடுத்துப் பிழைப்பவர்களே, டெம்ப்ளேட் பாடத்தன்று உங்களுக்கும் பயமாக இருக்குமா? எனக்கு இருந்தது. பிரசவத்துக்குப் பிறகு, திருத்தணி கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில் அது எனக்குச் சோதனை வகுப்பு. தேறினால்தான் வேலை. கடைசி பெஞ்சில் ஓனர். வீட்டில் ஏழு மாதக் குழந்தைக்குக் காய்ச்சல். நாத்தனாரிடம் விட்டு வந்திருந்தேன்.

நீலக் கட்டம்

எதையும் போட்டு வைக்க, புரோகிராமில் 'பெட்டி' என்று ஒரு கிளாஸ், அதாவது அச்சு, எழுதினேன்; எந்த வகைக்கும் பொருந்துவதால் அது டெம்ப்ளேட். உள்ளே போவது முழு எண்ணா, தசமமா, எழுத்தா என்று பயன்படுத்துகிறவர் சொல்லலாம். சொல்லாவிட்டால் முழு எண் என்று நாமே முன்கூட்டி எழுதி வைக்கலாம், அதுதான் டீஃபால்ட் என்றேன். எல்லாரும் மின்விசிறியைப் பார்த்தார்கள். பொதட்டூர்பேட்டை நெசவாளர் மகள் மட்டும் தலையாட்டினாள்.

"ஆங் மேடம், லுங்கிக்கு என்னா கட்டம்னு ஆர்டர்ல சொல்லலைன்னா, எங்க நைனா நீலக் கட்டமே ஓட்டிகினு இருப்பாரு. சொன்னாத்தான் மாத்துவாரு."

காலி இலை

மெஷினில் போட்டார்கள். அத்தனை பேருக்கும் எரர்! டீஃபால்ட்தான் இருக்கிறதே என்று, வகையை எழுதும் < > கோண அடைப்பையே விட்டுவிட்டார்கள். சென்டரில் இருந்த பழைய சி++-இல், உள்ளே காலியாக இருந்தாலும் அடைப்பு வேண்டும். ஏன் என்று கேட்டான் ஒருவன். ஓனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சாக்பீஸை எடுப்பதற்குள், என்னைவிட மூத்த மாணவி ஒருவர், மலைக்கோயில் மடப்பள்ளிச் சமையல்காரரின் மனைவி, அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"எதுவும் கேக்காம உக்காந்தாலும், இலைய விரிச்சாத்தாம்பா வழக்கமா போடற சோறு விழும்."

தசமம் போன இடம்

பெட்டியில் ஏதாவது ஓர் எண் போடுங்கள் என்றேன். என்ன எண் என்றார்கள். காலையில் தெர்மாமீட்டரில் பார்த்ததுதான் வாயில் வந்தது: 101.8. திரையில் வெறும் 101. வகை சொல்லாததால் முழு எண் பெட்டி, புள்ளிக்கு அப்புறம் இருந்ததை வெட்டிவிட்டது. "அடைப்புக்குள் தசமம் என்று எழுதியிருக்கணும். அந்த எட்டை விடக்கூடாது, எம் பொண்ணு காய்ச்சல்ல..." பாதியில் நிறுத்திப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஓனர் எழுந்து வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"ஏம்மா, புள்ளைக்கு ஜொரத்த வெச்சிகினு இங்க பாடம் நடத்திகினு இருக்கியே! ஆட்டோ கூப்பிடறேன், கெளம்பு. நாளைக்கும் இந்த பேட்ச் உன்துதான்."

காய்ச்சல் சாயங்காலமே இறங்கிவிட்டது, வேலையும் நிலைத்துவிட்டது. ஆனாலும் யாரும் எதுவும் சொல்லாதபோது என் மனசு தானாக எடுத்துக்கொள்கிற வகை இன்றைக்கும் பயம்தான்.