தம்பிக்கு நான் எழுதிய வசனம்

போன திங்கட்கிழமை என் தம்பி செந்தில் கோர்ட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டான். ஜெயிலுக்குப் போகவில்லை. அதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் தெரியுமா? அவனிடம் அடி வாங்கியவருக்கு!

ராசிபுரம் பக்கத்தில் எங்களுடையது பங்குக் கிணறு. ஒரு நாள் தம்பி வயலுக்குத் தண்ணீர். மறுநாள் பெரியப்பா மகன் குமாரசாமி அண்ணனுக்கு. ஒரு நாள் முறை மாறிப்போனதில் தகராறு... தம்பி மண்வெட்டிக் காம்பால் போட்டதில் அண்ணனுக்குக் கை முறிந்தது. கோர்ட்டில் தம்பியே ஒப்புக்கொண்டான். தண்டனை சொல்வதற்கு முன், ஆள் எப்படிப்பட்டவன் என்று ஊரில் விசாரித்து எழுதித் தரும்படி நன்னடத்தை அலுவலரிடம் கேட்டார் நீதிபதி.

நான் சும்மா இருப்பேனா? குடியிருக்கும் சூரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஊருக்குப் போய், அக்கம்பக்கத்தாருக்கு வசனம் சொல்லிக் கொடுத்தேன். வாராவாரம் பத்திரிகைக்கு எழுதுகிற கை ஆயிற்றே!

அந்த அலுவலர் மேடம் வந்தார். நானும் பின்னாலேயே போனேன். முதல் வீட்டில், "அவரு அமைதியே உருவானவருங்க." இரண்டாவது வீட்டிலும், "அமைதியே உருவானவருங்க." மூன்றாவது வீட்டில் மேடமே முந்திக்கொண்டார்: "அமைதியே உருவானவரா?"

"ஆமாங்க... உங்களுக்கும் அந்த அக்கா சொல்லிட்டாங்களா?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானே தம்பியை உள்ளே தள்ளிவிட்டேனே!

மேடம் நேராகக் குமாரசாமி அண்ணன் வீட்டுக்கு நடந்தார்.

"கோவம் வந்தா அவனுக்குக் கண்ணு தெரியாதுங்க" என்று அண்ணன் ஆரம்பித்ததும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "ஆனா, என்ற கை ஒடிஞ்ச அன்னைல இருந்து என்ற முறைத் தண்ணியவும் அவந்தானுங்க கட்டறான். நான் கூப்புடலீங்க. ஒரு பேச்சும் இல்லீங்க. வாரான், மடையத் திருப்பறான், போயிர்றான்."

மேடம் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். அதைப் படித்த நீதிபதி, ஒரு வருஷம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு தம்பியை விட்டுவிட்டார்.

நல்லதை மட்டும் சொல்ல ஊரே திரண்டு வரும். ஆனால் கெட்டதையும் சேர்த்துச் சொல்கிறவர் வாயிலிருந்து வந்தால்தான் அது எடுபடுகிறது.

தம்பி வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டேன். "அண்ணா, நீங்க மட்டும் இல்லீன்னா..."

"அட போ சாமி! அவன் உள்ள போயிட்டா என்ற மரவள்ளிக்கு யாரு தண்ணி கட்டறது?"

அண்ணன் கைக்கட்டைப் பிரித்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது; தன் மடையை அவரே திருப்பிக்கொள்ளலாம். நான் வாயைத் திறக்கவில்லை — வசனம் அவருடையது!